கூரை போட்ட பாலம் இருந்த ஊர்

அவர் யாரிடமும் வழி கேட்க மாட்டார்.

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு மாடியின் முன்பக்க அறையில் பதினொரு வருடம் இருந்தவர். எங்களுக்கு உறவு கிடையாது. எண்பத்தேழில் அந்த வீட்டை வாங்கியபோது மாடி அறைக்கு ஆள் தேடினோம்; என் கணவருடன் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்த ஒருவர் இவரைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுப் போனார். ஒரு மாதத்துக்குள் எங்கள் இருவருக்கும் அவர் அண்ணை ஆகிவிட்டார். அந்தப் பதினொரு வருடத்தில் அவர் தெருவில் நின்று இன்னொரு மனிதரிடம் "இந்த இடத்துக்கு எப்படிப் போவது" என்று கேட்டதை ஒரேயொரு தடவைதான் பார்த்தேன். அதுவும் லண்டனில் அல்ல.

இத்தனைக்கும் அவருடைய வேலை வான் ஓட்டுவது. எங்கள் ஆட்களின் மொத்தக் கடை ஒன்றிலிருந்து அரிசி மூட்டையும் தேங்காய்ப்பால் டின்னும் ஏற்றிக்கொண்டு ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, சவுத்தோல் என்று லண்டனின் நாலா பக்கமும் போய் வருவார். லண்டன் தெரு வரைபடப் புத்தகம் அவரிடம் மூன்று இருந்தது. ஒன்று வானில், ஒன்று கோட்டுப் பையில், ஒன்று தலையணைக்குப் பக்கத்தில். வரைபடத்தில் இல்லாத தெரு என்றால் சுற்றுவார். சுற்றிச் சுற்றி ஒரு கட்டத்தில் அந்தத் தெருவே களைத்துப்போய் அவர் முன்னால் வந்து நிற்கும்.

அதற்காகவே எதற்கும் நேரத்தோடு வெளிக்கிடுவார். ஒரு மணிக்குப் போகவேண்டிய இடத்துக்குப் பத்து மணிக்கே சப்பாத்து மாட்டிக்கொண்டு கீழே வந்து நிற்பார். எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. குளிர்காலத்தில் ஸ்வெட்டருக்கு உள்ளே யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும் இஸ்திரி போடாமல் உடுத்தமாட்டார்.

ஒரு தடவை வால்தம்ஸ்ரோவில் ஒரு கலியாணம். என் கணவரின் பெரியப்பா மகளுக்கு. அண்ணைதான் எங்களை வானில் ஏற்றிக்கொண்டு போனார். மண்டபம் இருந்த தெரு புதிதாக ஒருவழிப் பாதையாகிவிட்டது போலிருக்கிறது. ஒரு கம்பளக் கடையை முதலில் இடப்பக்கமாகப் பார்த்தோம். பிறகு வலப்பக்கமாக. மூன்றாவது தடவை மறுபடி இடப்பக்கமாக.

"அண்ணை, உந்தக் கடைக்காரனிட்ட ஒருக்கா கேப்பமே?" என்றார் என் கணவர்.

"வேண்டாம். கிட்டத்தான் வந்திட்டம்."

"முகூர்த்தம் பதினொண்டரைக்கு."

"றோட்டு எங்கயாவது போய்ச் சேரத்தானே வேணும்."

றோட்டு சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். "சாப்பாட்டுக்குப் பிந்தேல்லைத்தானே" என்று சொல்லிக்கொண்டு வானைப் பூட்டினார். என் கணவர் அன்று முழுவதும் அவரோடு கதைக்கவில்லை.

தெருவில்தான் என்றில்லை. மோர்டன் சூப்பர் மார்க்கெட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்காமல் எல்லா அடுக்குக்குள்ளும் போய் வந்து, கடைசியில் உப்பு வாங்காமல், நெத்தலிக் கருவாட்டுக்குப் பொருத்தமான ஒரு சட்டியோடு வீட்டுக்கு வந்தார். எண்பத்தெட்டில் எனக்குத் தாரிணி பிறந்தபோது சூப் வைத்து ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்தார். பார்வையாளர் நேரம் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே ஆஸ்பத்திரிக்குள் நுழைந்திருக்கிறார். நேரம் முடிவதற்குப் பத்து நிமிடம் இருக்கையில்தான் என் கட்டிலடிக்கு வந்தார்.

"எங்க அண்ணை இவ்வளவு நேரமும்?"

"எக்ஸ்ரே எடுக்கிற இடம் பாத்தன். கிட்னி வார்ட் பாத்தன். கீழ ஒரு சின்னச் சேர்ச்சும் இருக்குத் தங்கச்சி. ஆஸ்பத்திரி நல்ல பெரிசு."

சூப் ஆறிப் போயிருந்தது. குழந்தையை இரண்டு கையாலும் வாங்கி, முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். எனக்கு அம்மாவும் பக்கத்தில் இல்லை, அக்காவும் இல்லை. அந்த ஆறிய சூப்பை நான் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

"இது கௌரவம். எங்கட ஆக்களுக்கு வாய் திறந்து கேட்டா மரியாதை குறைஞ்சு போடும்" என்பார் என் கணவர். நானும் அப்படித்தான் நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், தாரிணிக்குக் காய்ச்சல் வந்த நாள்வரை.

அப்போது அவளுக்கு மூன்று வயது. ஒரு சனிக்கிழமை விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தோம். என் கணவருக்கு ஷிப்ட். அண்ணைதான் கூட்டிக்கொண்டு போனார். காலையில் லேசாகச் சுட்ட உடம்பு பூசை முடிவதற்குள் நெருப்பாகிவிட்டது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று வானில் ஏறினோம். ஆனால் அது டென்னிஸ் பந்தயம் நடக்கும் இரண்டு வாரம். பாதித் தெருக்களை மறித்து வைத்திருந்தார்கள். அவருக்குத் தெரிந்த பாதை அடைபட்டிருந்தது. தடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரன் நின்றான். அண்ணை அவனைக் கண்டதும் வானைப் பக்கத்துத் தெருவுக்குள் திருப்பினார். அந்தத் தெரு வளைந்து மறுபடி அதே பொலிஸ்காரனிடம் கொண்டுவந்து விட்டது. மறுபடி திருப்பினார்.

மடியில் குழந்தைக்கு வலிப்பு வரத் தொடங்கியது. கண் மேலே போய்விட்டது.

"அண்ணை, நிப்பாட்டி அவனிட்ட கேளுங்கோ!"

"இதால போனால்—"

"கேளுங்கோ அண்ணை! பிள்ளை போகப் போகுது!"

வானை நிறுத்தினார். கண்ணாடியை இறக்க வேண்டிய கைப்பிடியில் கை வைத்தார். இறக்கவில்லை. நெற்றியிலும் மேலுதட்டிலும் வேர்வை பொட்டுப் பொட்டாக நின்றது. பொலிஸ்காரன் இருந்த பக்கம் பார்க்காமல் நேரே ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்து பிள்ளையோடு ஓடினேன். பொலிஸ்காரன் எங்களைத் தன் காரில் ஏற்றி ஆறு நிமிடத்தில் ஆஸ்பத்திரியில் விட்டான்.

தாரிணிக்கு ஒன்றும் ஆகவில்லை. காய்ச்சல் வலிப்பு, சின்னப் பிள்ளைகளுக்கு வருவதுதான் என்றார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு அண்ணை வார்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

ஒரு கிழமை அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் நான் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும்போது வாசலில் வந்து நின்று, "எனக்கு ஏலாமல் போட்டுது தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வேர்வையை நான் கண்டவள். இது கௌரவம் இல்லை, பயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. லண்டனில் வீசாவும் வேலையும் உள்ள ஒரு மனிதருக்குத் தெருவில் நிற்கும் ஒரு பொலிஸ்காரனிடம் என்ன பயம் என்பதுதான் விளங்கவில்லை. என் கணவரிடம் சொன்னேன். "நாங்கள் எல்லாரும் எப்பிடியெப்பிடியோ வந்து சேந்தனாங்கள். அவர் எப்பிடி வந்தாரோ, விடு" என்றார்.

அதற்கு அடுத்த குளிர்காலத்தில் அவருக்கு ஃப்ளூ வந்து நாலு நாள் படுத்திருந்தார். கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்க முதல்முறையாக அந்த அறைக்குள் போனேன். சுவரில் முருகன் படம். அதற்குக் கீழே வட இத்தாலியின் பெரிய வரைபடம். பிரான்ஸ் எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் பென்சிலால் ஏழெட்டு வட்டம் போட்டிருந்தது. சிலவற்றை அழித்து மறுபடி போட்டிருந்தார்.

"இதென்ன அண்ணை?"

"சும்மா. வடிவான இடங்களாம்."

தொண்ணூற்றாறில் அவருக்கு பிரிட்டிஷ் பாஸ்போட் கிடைத்தது. தபாலில் வந்த உறையைப் பிரித்துக் குசினி மேசையில் வைத்தார். நாங்கள் அந்தக் கோடைக்குப் பாரிசில் இருக்கும் என் தங்கையிடம் போகத் திட்டமிட்டிருந்தோம்.

"பாரிசுக்குப் போறது எண்டால், அங்கால இத்தாலிக்கும் ஒருக்காப் போவமே? கார் நான் ஓடுறன்" என்றார்.

"இத்தாலியில எங்க அண்ணை? ரோமா?" என்றார் என் கணவர்.

"இல்லை. மலைப்பக்கம். ஒரு சின்ன ஊர்."

"என்ன ஊர்?"

"பேர் தெரியாது."

"பேர் தெரியாத ஊருக்கு எப்பிடிப் போறது?"

"கண்டால் தெரியும். லண்டனுக்கு வரேக்க அதாலதான் வந்தனான். ஒரு பாலம் இருக்கு, வீடு மாதிரிக் கூரை போட்ட மரப்பாலம். ஆத்துத் தண்ணி வெள்ளையா, அரிசி கழுவின தண்ணி மாதிரி ஓடும். நடுவில ஒரு பைப்படி. கல்லில செய்த கரடியின்ர வாயால தண்ணி வரும்."

பதினொரு வருடத்தில் அவர் எங்களிடம் கேட்ட ஒரே விஷயம் அதுதான். என் கணவர் மறுக்கவில்லை.

பாரிசில் நாலு நாள் இருந்துவிட்டு மலைக்குள் குடைந்த நீளமான சுரங்கப் பாதையால் இத்தாலிக்குள் இறங்கினோம். ஆகஸ்ட் மாதம். வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் மலை. தட்டையான யாழ்ப்பாணத்தில் பிறந்து தட்டையான லண்டனில் குடியிருந்த எனக்கு அதைப் பார்க்கக் கழுத்து வலித்தது. மேலே பனி, அதற்குக் கீழே கறுப்புப் பாறை, அதற்கும் கீழே பசும்புல்லில் மாடுகள். மாடுகளின் கழுத்து மணிச் சத்தம் காருக்குள்ளேயும் கேட்டது.

மூன்று நாள் தேடினோம். ஒவ்வொரு பள்ளத்தாக்குக்குள்ளும் ஏறி, ஒவ்வொரு ஊரிலும் இறங்கி, ஆற்றையும் பாலத்தையும் பார்த்து, "இது இல்லை" என்று மறுபடி காரில் ஏறினோம். வளைவுகளில் தாரிணி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து பாணும் சீஸும் தக்காளியும் நான் கொண்டுவந்த கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். ஒரு ஊரில் பழைய கோட்டை இருந்தது, இன்னொன்றில் சுடுநீர் ஊற்று. ஒன்றையும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

"ஒரு கடையில போய்க் கேட்டால் ஒரு நிமிச வேலை" என்று மூன்றாம் நாள் என் கணவர் என் காதுக்குள் பொரிந்தார். நான் கேட்டிருக்கலாம். ஆனால் இது அவருடைய தேடல். அவரைத் தாண்டிப் போய்க் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தது தாரிணி. அவளுக்கு அப்போது எட்டு வயது. தண்ணீர் வாங்க நிறுத்திய ஒரு கடை வாசலில், சுழலும் தட்டில் போஸ்ட்கார்ட் அடுக்கியிருந்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டிருந்தவள், "மாமா! Roof போட்ட bridge!" என்று கத்தினாள். அண்ணை அட்டையை வாங்கிப் பார்த்தார். பின்பக்கம் ஊரின் பெயர் இருந்தது. அதை அவர் வாசிக்கவில்லை; என் கணவரிடம் கொடுத்துவிட்டுக் காரில் போய் இருந்தார். அங்கிருந்து இருபது மைல்.

பிற்பகல் இரண்டு மணிபோல் ஊருக்குள் நுழைந்தோம். சின்ன ஊர். தட்டைக் கல் வேய்ந்த கூரைகள், எல்லா ஜன்னலிலும் சிவப்புப் பூச்சட்டி. ஆறு அவர் சொன்ன மாதிரியே அரிசி கழுவின தண்ணி. பாலத்தைத் தாண்டினால் ஒரு சதுக்கம், அதன் நடுவில் கல்லுக் கரடி. அண்ணை அதன் முன்னால் போய் நின்றார். நான் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே என் கணவருக்கு விளங்கியிருக்க வேண்டும். பிள்ளையை ஐஸ்கிரீம் வாங்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பைப்படியின் கல் விளிம்பில் உட்கார்ந்தோம். அண்ணை கரடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு பேர் வந்தனாங்கள். நானும் கூட்டாளியும். ஒரே ஊர், ஒரே ஒழுங்கை, ஒரே பள்ளிக்கூடம். காசு வாங்கிக்கொண்டு ஆளனுப்புற ஏஜென்சிக்காரன் எங்களை இஞ்ச ஒரு வீட்டின்ர நிலவறைக்குள்ள பத்து நாள் வைச்சிருந்தான். ஊர்ப் பேர் சொல்லேல்லை. பிடிபட்டால் நாங்கள் சொல்லிப்போடுவமெண்டு. ஒருத்தரோடயும் கதைக்கக் கூடாது, ஒண்டும் கேக்கக் கூடாது, வாயைத் திறந்தால் தெரிஞ்சுபோடும் எண்டான். பத்தாம் நாள் காலமை இந்தச் சதுக்கத்தில ஒரு ஆள் வந்து எங்களை ஆத்தங்கரையால மேல ஒரு சின்னக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவான், அங்கையிருந்து மலையால நடை எண்டு சொல்லியிருந்தவன். ஆள் வரேல்லை. ஒரு மணித்தியாலம் நிண்டு பாத்தம். எனக்குப் பயம். கூட்டாளி சொன்னான், நில்லு மச்சான், நான் போய்க் கோயில் எங்கையெண்டு கேட்டுக்கொண்டு வாறன் எண்டு."

சதுக்கத்தின் மூலையில் ஒரு பேப்பர்க் கடை இருந்தது. அதைக் கையால் காட்டினார்.

"அதில நிண்ட ஒரு ஆளிட்டக் கேட்டான். அந்த மனிசன் நல்லவர், சிரிச்சுக்கொண்டுதான் கையைக் காட்டினார். பின்னால பொலிஸ் ஜீப் வந்து நிண்டதை அவன் காணேல்லை. நான் கண்டனான். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடேல்லை. இந்தப் பக்கம் திரும்பிக் குனிஞ்சு தண்ணி குடிச்சன் தங்கச்சி. தாகமே இல்லை. குடிச்சுக்கொண்டே நிண்டன். ஜீப் போன சத்தம் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தன்."

அரை மணித்தியாலம் கழித்து வரவேண்டிய ஆள் வந்திருக்கிறான். அண்ணை அவன் பின்னால் நடந்து எல்லையைக் கடந்திருக்கிறார். கூட்டாளியைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே நாலு மாதம் உள்ளே இருந்திருக்கிறார். பிறகு தொண்ணூறில் வேறு வழியால் கனடா போய்ச் சேர்ந்து, இப்போது ரொறொன்ரோவில் மனைவி, இரண்டு பிள்ளைகள்.

"ஒவ்வொரு வருசப்பிறப்புக்கும் ஃபோனில கதைப்பம். நான் ஆத்துப் பக்கம் போய்ப் பாத்துக்கொண்டு நிண்டனான், வந்து பாக்க உன்னைக் காணேல்லை எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். அவனும் ஓம் ஓம் எண்டுவான்."

"நீங்கள் கூப்பிட்டிருந்தாலும் ரெண்டு பேரையும்தான் பிடிச்சிருப்பினம் அண்ணை."

"அது எனக்குத் தெரியும். நான் யோசிக்கிறது அது இல்லை. ஜீப்பில ஏறேக்க அவன் ஒருக்காத் திரும்பிப் பாத்திருந்தால் என்னத்தைக் கண்டிருப்பான்? என்ர முதுகைத்தானே."

கரடியின் வாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

திடீரென்று அவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பேப்பர்க் கடையை நோக்கி நடந்தார். வாசலில் பச்சைத் தொப்பி போட்ட ஒரு கிழவர் பேப்பர் வாசித்துக்கொண்டு நின்றார். அண்ணை அவர் முன்னால் போய் நின்றார். "சேர்ச். சின்னச் சேர்ச். எந்தப் பக்கம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கிழவருக்கு ஆங்கிலம் தெரியவில்லை. அண்ணை கோயிலில் நிற்பது போல இரண்டு கையையும் கூப்பிக் காட்டி, ஆற்றின் மேல்பக்கமாக விரலை நீட்டினார்.

"சீ, சீ!" என்றார் கிழவர்.

அண்ணை ஓரடி பின்னால் போனார். இத்தாலியில் ஓம் என்பதற்கு அதுதான் சொல் என்று எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. கிழவர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அண்ணையின் தோளில் கை போட்டார். அண்ணையின் உடம்பு விறைத்தது. பிறகு அந்தக் கையோடேயே நடக்கத் தொடங்கினார்.

கிழவர் வழி சொல்லவில்லை, கூட்டிக்கொண்டு போனார். அதுவும் நேரே அல்ல. தன் ஊரைப் பார்க்க யாரோ வெகுதூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். முதலில் மரப்பாலத்தின் உத்தரத்தில் செதுக்கியிருந்த ஒரு சிங்க முகம். பிறகு தண்ணீரில் சுழலும் ஒரு பழைய மாவரைக்கும் ஆலை. பிறகு சீஸ் வைத்திருக்கும் ஒரு நிலவறை. அதன் கல் படியில் அண்ணை ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு இறங்கினார். உள்ளே வண்டிச் சில்லுப் போல அடுக்கடுக்காகச் சீஸ். கிழவர் ஆளுக்கொரு துண்டு வெட்டித் தந்து, நாங்கள் மென்று விழுங்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாயிருக்கு" என்றார் அண்ணை, தமிழில். கிழவருக்கு அது விளங்கியது.

ஆற்றங்கரையால் ஏறி அருவியையும் காட்டிவிட்டுத்தான் கோயிலுக்குக் கொண்டுபோனார். எங்கள் ஊர் வைரவர் கோயிலளவு சின்னக் கட்டடம். கிழவர் ஒரு பூச்சட்டிக்குக் கீழே கைவிட்டுத் திறப்பை எடுத்துக் கதவைத் திறந்தார். அண்ணை சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கிழவர் அந்தச் சப்பாத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் தொப்பியைக் கழற்றினார்.

திரும்பிச் சதுக்கத்துக்கு வந்தபோது மணி ஐந்து. கிழவர் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் தன் பாட்டில் போய்விட்டார். அண்ணை பேப்பர்க் கடையில் ஒரு டெலிஃபோன் கார்ட் வாங்கினார்.

"ரொறொன்ரோவில இப்ப காலமை பதினொரு மணி. இண்டைக்கு ஞாயிறு, வீட்டில நிப்பான்" என்றார்.

பக்கத்திலிருந்த டெலிஃபோன் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் கணவரும் தாரிணியும் வந்து சேர்ந்திருந்தார்கள். நான் அவர்களுக்குச் சைகை காட்டி எட்ட நிற்கச் சொன்னேன். உள்ளே அவர் வாய் அசைவது தெரிந்தது. வெகுநேரம் அவரே கதைத்தார். பிறகு வாய் அசையவில்லை. றிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு நின்றார். கார்ட் முடிந்த பிறகும் அப்படியே நின்றிருக்க வேண்டும். நான்தான் போய்க் கதவைத் திறந்தேன்.

"என்னவாம் அண்ணை?"

"அவன் கண்டவனாம்."

"என்னத்தை?"

"நான் பைப்படியில முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டதை. பொலிஸ் அவனிட்ட, உன்னோட வேற ஆரும் வந்தவையோ எண்டு கேட்டவையாம். இல்லை, நான் தனி எண்டானாம். அவை நம்பாமல் சதுக்கத்தைச் சுத்திப் பாக்க வெளிக்கிட, பஸ் ஸ்டாண்ட் பக்கம் தன்ர பை கிடக்கு எண்டு பொய் சொல்லி ஜீப்பை அங்கால திருப்ப வைச்சானாம். நீ நிமிர்ந்து பாத்திடுவியோ எண்டுதான் மச்சான் எனக்குப் பயமா இருந்தது எண்டு சொல்லுறான்."

கல் விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார்.

"பத்து வருசமா ஏன்ரா சொல்லேல்லை எண்டு கேட்டன். நீ கேட்டால்தானே சொல்லுறதுக்கு எண்டான்."

அன்று அந்த ஊரிலேயே தங்கினோம். ஒரு பெண் நடத்தும் சின்ன விடுதி. அவர் எல்லோருக்கும் முதல் படுக்கப் போனார். காலையில் நாங்கள் எழும்பி வர, சாப்பாட்டு மேசையில் ஊரின் சுற்றுலாக் கைநூல் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச கயிறில போற வண்டி ஒண்டு இருக்கு. மலை உச்சிவரைக்கும் போகுதாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவம்."

போனோம். முப்பது பேர் நிற்கக்கூடிய பெட்டி கம்பியில் தொங்கிக்கொண்டு மேலே ஏற, ஊர் சுருங்கிச் சுருங்கி ஒரு கைப்பிடிக் கல்லாகியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். உச்சியில் பெரிய மரத்தளம் போட்டுக் கம்பி வேலி கட்டியிருந்தார்கள். ஆகஸ்ட் வெயிலிலும் பல் கிட்டும் குளிர். வேலியடியில் நின்றால் இரண்டு மலைகளுக்கு நடுவே கழுத்து மாதிரி ஒரு தாழ்வு தெரிந்தது. அதை நோக்கி நூல் போல ஒரு பாதை ஏறியது. அதற்கு அங்கால் பிரான்ஸ்.

அண்ணை தாரிணியைத் தன் முன்னால் நிறுத்தி அந்தப் பாதையைக் காட்டினார்.

"அந்தா, அந்தப் பாறைக்குப் பக்கத்தால, பிறகு அந்த வெள்ளையில ஏறி, அதால அங்கால. அப்பிடித்தான் நான் லண்டனுக்கு வந்தனான்."

குரல் உரத்துத்தான் வந்தது. பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை இறக்கவில்லை.

தாரிணி வேலியில் நாடியை வைத்துக்கொண்டு அந்தப் பாதையை வெகுநேரம் பார்த்தாள்.

"தனியவா மாமா வந்தனீங்கள்?"

"இல்லையம்மா" என்றார் அண்ணை. "நாங்கள் ரெண்டு பேர்."